பதினொரு மணிவரை தாங்கும் கோப்பை: கட்டுப்பாட்டு உணவில் இருப்போருக்கான காய்கறி ஸ்மூத்திகள், ஓர் ஒப்பீடு

கோதுமை மாவை நிறுத்துங்கள், சீனியைக் குறையுங்கள், பால்மாவைத் தொடாதீர்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பப்பட்ட ஒருவருக்கு, மறுநாள் காலை ஆறரை மணிக்கு அடுப்படியில் மிஞ்சுவது என்ன? பாண் போய்விட்டது. ரொட்டியும் கோதுமை மாப் புட்டும் போய்விட்டன. பால்தேநீரும் அதோடு வரும் பிஸ்கட்டும் போய்விட்டன. அந்த வெற்றிடத்தில்தான் காய்கறி ஸ்மூத்தி என்ற யோசனை வந்து நிற்கிறது. அரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று தொடங்குகிறவர்களில் பலர் பத்து நாளில் அதைக் கைவிட்டு மீண்டும் பாணுக்குத் திரும்புவதை வன்னியில் ஒட்டுசுட்டானைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுடைய மனவுறுதியில் குறையில்லை. அவர்கள் தெரிவுசெய்த கோப்பைக்குப் பசியைத் தாங்கும் வலு இல்லாததே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பாடசாலை ஆசிரியை. வைத்தியரோ உணவியலாளரோ அல்லள். அம்மாவின் நீரிழிவுக்காகக் காலைச் சாப்பாட்டை மாற்றத் தொடங்கி, பின்னர் உறவினருக்கும் அயலவருக்கும் அதே கேள்வியில் துணைநின்று கற்றுக்கொண்டவற்றை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மருந்து எடுப்பவர்கள் தங்கள் காலைச் சாப்பாட்டை மாற்றுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். ஏன் இதை முதலிலேயே சொல்கிறேன் என்பது முதலாவது தெரிவைப் பற்றிய பகுதியில் விளங்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் பசி. காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். ஆகவே காய்கறியை மட்டும் அரைத்துக் குடித்தால், கோப்பை நிறைந்திருந்தாலும் வயிறு நிறையாது. பசியைத் தள்ளிப்போடுவன புரதம், நார்ச்சத்து, சிறிதளவு கொழுப்பு, இவற்றோடு கோப்பையின் தடிப்பு. நீர்த்த பானம் இரைப்பையை விட்டு விரைவாக இறங்கிவிடும். கரண்டியால் அள்ளி உண்ணும் பதத்தில் உள்ளது மெதுவாகவே இறங்கும். அதனால் ஸ்மூத்தி என்று பெயர் இருந்தாலும் கூழ்ப் பதத்தில் செய்து, கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் பத்து நிமிடம் எடுத்துச் சாப்பிடுவதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். கூழ் குடித்து வளர்ந்த நமக்கு இது புதிய பழக்கமும் அன்று.

இரண்டாவது, எந்தக் கட்டுப்பாடு என்பது. "பத்தியம்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று எதிரான பல கட்டுப்பாடுகள் அடங்கியிருக்கின்றன. நீரிழிவுக்காரருக்குப் பயறு நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதே பயறு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவருக்குக் குரக்கனும் அரிசியும் பாதுகாப்பானவை. சீனி ஏறுகிறவருக்கு அவற்றிலும் அளவு வேண்டும். பால் ஒவ்வாமை உள்ளவருக்குத் தயிரும் ஆகாது. பாற்சீனி மட்டும் செரிக்காதவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனெனில் உறையும்போது பாற்சீனியின் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் மாத்திரை எடுப்பவருக்கு இலைவகையில் உள்ள விற்றமின் கே முக்கியமானது. அவர் இலையை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று ஒரு கட்டு, நாளைக்கு ஒன்றுமில்லை என்று மாறிமாறி உண்பது மருந்தின் அளவைக் குழப்பிவிடும்.

மூன்றாவது, பச்சையாகக் குடிப்பதில் உள்ள ஆபத்து. வன்னியில் பெரும்பாலான வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே பாவனையில் உள்ளது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காவியைப் பார்த்தாலே அதன் கடினத்தன்மை தெரியும். குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரை வாங்குகிறவர்கள்கூட இலை கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரையே எடுக்கிறார்கள். அவிக்காமல் அரைக்கும் எதற்கும், கழுவும் தண்ணீர் முதல் பிளெண்டரின் கழுத்து வளையம் வரை சுத்தம் பார்க்க வேண்டும்.

மற்றவை நேரமும் மின்சாரமும் பருவமும். பிளெண்டர் மின்கட்டணத்தை ஏற்றும் என்ற பயம் தேவையற்றது: 400 வாற்று இயந்திரம் மூன்று நிமிடம் ஓடினால் செலவாவது 0.02 அலகுதான். உண்மையான செலவு குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வருகிறது. முதல்நாள் இரவு அவித்து வைத்த பயறு வன்னி வெக்கையில் விடியும்போது புளித்துப் போயிருக்கும். பருவத்தைப் பொறுத்தவரை, மாரியில் வேலியோரமெல்லாம் இலை கிடைக்கும். ஆடி, ஆவணி வறட்சியில் முருங்கையைத் தவிர மிச்சமெல்லாம் சந்தையில் விலைகொடுத்து வாங்க வேண்டியவை.

## முதலாவது: பச்சை இலை ஸ்மூத்தி

ஒரு கைப்பிடி வல்லாரை அல்லது பொன்னாங்காணி, பாதி வெள்ளரிக்காய், இஞ்சித் துண்டு, தேசிக்காய்ச் சாறு, தண்ணீர். ஐந்து நிமிட வேலை. பார்க்கவும் பசுமையாக இருக்கும். பெரும்பாலானோர் தொடங்குவது இதிலிருந்துதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இதில் எவ்வளவு உணவு இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், முப்பது கிராம் இலையும் 150 கிராம் வெள்ளரியும் சேர்ந்து 50 கலோரியைத் தொடா. புரதமும் 2 கிராம் அளவே. காலைச் சாப்பாடு என்ற இடத்தை இது நிரப்பாது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு பக்கப் பானமாக மட்டுமே இதை எண்ண வேண்டும்.

இந்த உண்மையைக் கணக்குப் பார்த்து அறியவில்லை. அம்மாவை வைத்து அறிந்தேன். அந்தக் காலைகளில் அவர் வழமைபோல் நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடியப்பத்துக்குப் பதிலாக நான் அரைத்துக் கொடுத்த வல்லாரைக் கோப்பையைக் குடித்தார். முதல் இரண்டு நாளும், "பிள்ளை, வயித்துக்குள்ள ஒண்டும் போகாத மாதிரிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் சனிக்கிழமை. பத்து மணியளவில் கத்தரிப் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வரம்பில் குந்திவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சட்டை முழுவதும் வியர்வை, விரல்கள் நடுங்கின, கேட்டதற்குப் பதில் தாமதித்தே வந்தது. குருதியில் சீனி பார்க்கும் கருவி 62 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனால் சீனி இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, பிறகு ஒரு தட்டு சோறு கொடுத்தோம். மாத்திரையின் அளவு இடியப்பத்துக்காக எழுதப்பட்டது. நானோ இடியப்பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இலைத் தண்ணீரை வைத்திருந்தேன். இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை இறக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களும் இந்தத் தெரிவைக் காலைச் சாப்பாடாகக் கொள்ளவே கூடாது.

வேறு மறைவான செலவுகளும் உண்டு. பசளி, முளைக்கீரை, பொன்னாங்காணி ஆகியவற்றில் ஒட்சலேற்று என்ற உப்பு அதிகம். தினமும் கட்டுக்கட்டாகப் பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது அது சிறுநீரகத்தில் படிந்து பாதிப்பை உண்டாக்கிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சிறுநீரகக் கல் வந்து போனவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இலையை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒட்சலேற்றில் நல்ல பங்கு போய்விடும். பச்சையாக அரைப்பதில் அந்த வாய்ப்பு இல்லை. வல்லாரையோ வாய்க்கால் ஓரங்களிலும் ஈரத்திலும் படர்வது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வரும் வழி அது. சுவை போதாமல் ஒரு வாழைப்பழம், பிறகு ஒரு கரண்டி சீனி என்று கோப்பைக்குள் இறங்கும் பழக்கத்தையும் நான் பல வீடுகளில் கண்டேன். அதற்குப் பின்னர் அதைப் பத்தியம் என்று சொல்ல இடமில்லை.

மருந்து எதுவும் இல்லாதவர், எடையைக் குறைக்க விரும்புகிறவர், அவித்த முட்டையோடு அல்லது அவித்த கடலையோடு வாரத்தில் இரண்டு நாள் குடிப்பதென்றால் இது நல்லதே. அதற்குமேல் இதற்கு நான் இடம் கொடுப்பதில்லை.

## இரண்டாவது: அவித்த பூசணியும் பயறும்

அம்மா அந்த வரம்பில் குந்திய நாளுக்குப் பிறகு வீட்டில் நிலைத்த கோப்பை இது. ஒருவருக்கு 50 கிராம் பயறு, 150 கிராம் பூசணிக்காய், ஒரு பிடி வறுத்த கச்சான், நற்சீரகம், மிளகு, இஞ்சி, தேசிக்காய். பயற்றை முதல்நாள் மாலையே ஊறப்போட்டு, காலையில் பிரஷர் குக்கரில் பூசணித் துண்டுகளோடு வேகவைக்க வேண்டும். குக்கர் இல்லாத வீட்டில் தோல் நீக்கிய பயற்றம்பருப்பை எடுத்தால் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ஆறிய பின்னர் அரைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பிளெண்டரே இல்லாவிட்டாலும், மத்தால் கடைந்தால் பூசணி மசிந்து கொடுக்கும். கரண்ட் இல்லாத காலைகளில் அம்மா அப்படித்தான் செய்கிறார்.

பயறும் கச்சானும் சேர்ந்து புரதத்தை 15 கிராம் அளவுக்குக் கொண்டுவருகின்றன. நார்ச்சத்து 10 கிராமைக் கிட்டுகிறது. மொத்தம் 280 கலோரி வரும். மாப்பொருளின் அளவை மட்டும் பார்த்தால் ஒரு சிறு கோப்பைக் கஞ்சிக்கு இது சமமே. ஆனால் பயற்றின் மாப்பொருள் மெதுவாகக் கரைவது; கூடவே நாரும் புரதமும் இருப்பதால் சீனி சடுதியாக ஏறுவதில்லை. ஆறரைக்குச் சாப்பிட்டால் பதினொன்றரை வரை அம்மா வேறு எதையும் தேடுவதில்லை.

இங்கே கிடைக்கும் பொருட்களுக்கும் இது பொருந்துகிறது. பூசணி, முழுக்காயாக இருந்தால், கட்டிலுக்குக் கீழே வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாது. நுவரெலியாவிலிருந்து லொறியில் வரும் கரட்டைப் போல அதன் விலை கிழமைக்குக் கிழமை ஏறி இறங்குவதில்லை. பயறும் கச்சானும் நமது மேட்டுநிலப் பயிர்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பயணிகள் வாங்கும் வறுத்த கச்சானே இதற்கும் ஏற்றது, உப்புப் போடாததாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர. பயறு தீர்ந்துபோனால் கௌபியும் சரிதான். ஆனால் அதற்கு வேகும் நேரம் அதிகம், அரைவேக்காட்டில் அரைத்தால் வயிற்றைப் பிடிக்கும்.

இதன் மறைவான செலவுகளில் முதலாவது வாயு. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் வாரம் பொருமும். பாதி அளவில் தொடங்கி, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் அது தணியும். இரண்டாவது கச்சான். ஈரப்பட்டுப் பூஞ்சணம் பிடித்த கச்சானில் அபிளாடொக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. நிறம் மாறியதை, சுருங்கியதை, காறல் மணம் வருவதைப் பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். அரைக்கும்போது மற்றச் சுவைகளோடு கலந்துவிடுவதால் நாக்கு அதைக் கண்டுபிடிக்காது. கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் வறுத்த பூசணி விதையைப் போடலாம், காயை வெட்டும்போது எறிகிற அதே விதையைத்தான்.

## மூன்றாவது: சட்டித் தயிரும் வெள்ளரியும்

கோதுமை மட்டும் தடைப்பட்டு, பாலுக்குத் தடை இல்லாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 200 கிராம் தயிர், ஒரு வெள்ளரிக்காய், கரட் ஒரு சிறு துண்டு, ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளு, கறிவேப்பிலை. அடுப்பே தேவையில்லாத அளவுக்கு எளிது. வைகாசி, ஆனி வெயிலில் உடம்புக்கும் இதம். புரதம் 10 கிராம் அளவில் கிடைக்கும். நார்ச்சத்துக் குறைவு என்பதால் பூசணிக் கோப்பையைப் போல மதியம் வரை பிடிக்காது. ஆனாலும் பத்தரை வரை தாங்கும்.

எருமைத் தயிரா பசுத் தயிரா என்ற கேள்வி இங்கே எழும். எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத அந்தக் கட்டித்தன்மை. மெலிந்தவர்களுக்கும் வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும் எருமைத் தயிரே நல்லது. கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் பசுத் தயிரை எடுப்பதோ, எருமைத் தயிரின் அளவைப் பாதியாக்கிப் பயறு சேர்ப்பதோ பொருத்தமாக இருக்கும்.

சட்டித் தயிரைப் பொறுத்தவரை மறைவான செலவு தயிரில் இல்லை, அதன் துணையில் இருக்கிறது. தயிர் என்றாலே பாணி ஊற்றிச் சாப்பிடுவது நமது பழக்கம். கித்துள் பாணியோ பனங்கட்டியோ, இயற்கையானது என்பதற்காக அது சீனி அல்லாததாகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், சேர்க்கப்பட்ட சீனியை நாளாந்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. ஐந்து வீதத்துக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த ஐந்து வீதம் 25 கிராம், ஆறு தேக்கரண்டி அளவு. பாணி ஊற்றும் கை இரண்டு கரண்டியோடு நிற்பதை நான் கண்டதில்லை. இந்தக் கோப்பையை உப்பும் சீரகமுமாகவே பழக்கிக்கொள்ள வேண்டும்; அந்த உப்பும் ஒரு சிட்டிகைதான்.

## நான்காவது: இலைக்கஞ்சி

இதை ஸ்மூத்திகளோடு ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். இலையை அரைத்து, சாறெடுத்து, தானியத்தோடு சேர்த்துத் தடிப்பான காலைப் பானமாகக் குடிக்கும் முறை நம்மிடம் ஏற்கனவே இருக்கும்போது, அதை விலக்கிவிட்டு ஒப்பீடு செய்வதுதான் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன்.

சிவப்புப் பச்சையரிசி, வெள்ளைப்பூண்டு, முடக்கொத்தான், வல்லாரை, தூதுவளை, முருங்கை இலை ஆகியவற்றின் சாறு, கடைசியில் தேங்காய்ப்பால். கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. குளூட்டனும் பாற்சீனியும் ஆகாதவர்கள் யோசிக்காமல் குடிக்கலாம். சாறு கொதிக்கும் கஞ்சியில் சேர்வதால் பச்சையிலையின் கிருமிப் பயமும் குறைவு. சூடாகக் குடிப்பதால் மெதுவாகவே குடிக்கிறோம். மாரிக் குளிரில் இதற்கு ஈடு வேறில்லை.

குறை எங்கே என்றால் வடிகட்டலில். அம்மியிலோ கிறைண்டரிலோ அரைத்த இலையைப் பிழிந்து சக்கையை வீசும்போது நார்ச்சத்தில் பெரும்பங்கு அதோடு போகிறது. நாற்பது கிராம் அரிசியில் 3 கிராம் புரதமே உண்டு, மிச்சமெல்லாம் மாப்பொருள். ஆகவே வழமையான இலைக்கஞ்சி வயிற்றை உடனே நிறைத்தாலும் ஒன்பதரைக்குள் இறங்கிவிடுகிறது. கூடவே கடித்துக்கொள்ளும் பனங்கட்டித் துண்டு நீரிழிவுக்காரரின் கணக்கைக் கெடுக்கிறது.

இரண்டு மாற்றங்களால் இதைச் சீர்செய்யலாம். முருங்கை இலையைப் பிழியாமல் நன்றாக அரைத்து அப்படியே சேர்ப்பது ஒன்று. பச்சை முருங்கை இலையில் நூறு கிராமுக்கு 9 கிராம் வரை புரதம் இருப்பதால் அதன் சக்கை வீசுவதற்குரியதல்ல. அரிசியில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் 25 கிராம் பயறு போடுவது மற்றொன்று. அப்போது இது இரண்டாவது கோப்பையை நெருங்கிவிடுகிறது. இதன் விலை நேரம்: இலை ஆய்வதிலிருந்து இறக்குவது வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் அநேகமாக வீட்டில் ஒரு பெண்ணின் தூக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

கடைகளில் ரின்னில் விற்கும் உணவுக்குப் பதிலான மாக்களை நான் தனித் தெரிவாகக் கொள்ளவில்லை. அவற்றில் பலவற்றுக்குப் பால்மாவே அடிப்படை; சிலவற்றில் சீனியும் உண்டு. வைத்தியர் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தாலன்றி அந்தச் செலவு தேவையற்றது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பச்சை இலை | பூசணி, பயறு | தயிர், வெள்ளரி | இலைக்கஞ்சி (வழமையானது) |
|---|---|---|---|---|
| புரதம் | சுமார் 2 கிராம் | சுமார் 15 கிராம் | சுமார் 10 கிராம் | சுமார் 4 கிராம் |
| பசி தாங்கும் நேரம் (எங்கள் வீட்டில்) | இரண்டரை மணித்தியாலம் | ஐந்து மணித்தியாலம் | நான்கு மணித்தியாலம் | மூன்று மணித்தியாலம் |
| கோதுமை ஆகாதோர் | சரி | சரி | சரி | சரி |
| பால் ஒவ்வாமை உள்ளோர் | சரி | சரி | ஆகாது | சரி |
| நீரிழிவுக்காரர் | தனி உணவாக ஆகாது | மிகவும் ஏற்றது | பாணி இல்லாமல் ஏற்றது | பயறு சேர்த்து, பனங்கட்டி இன்றி |
| காலை வேலை | 5 நிமிடம் | 30 நிமிடம் | 10 நிமிடம் | 40 நிமிடம் |
| மறைந்திருக்கும் செலவு | கிருமி, ஒட்சலேற்று, சீனி இறங்குதல் | வாயு, பழுதான கச்சான் | பாணிப் பழக்கம், கொழுப்பு | நேரம், வடிகட்டலில் போகும் நார் |

## சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது

வன்னியில் இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்து விவசாயக் கிராமங்களிலும் உண்டு. நீரிழிவாலும் பிரஷராலும் சிறுநீரகம் பழுதானவர்களும் நம்மிடையே பலர். நல்ல சிறுநீரகம், உணவில் வரும் பொற்றாசியம் என்ற தாதுப்பொருள் மிகும்போது அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது, அப்போது இதயத் துடிப்பே குழம்பும். மேலே நான் மிகவும் புகழ்ந்த பூசணி, பயறு, கச்சான் கோப்பையில், அவித்த தண்ணீரையும் சேர்த்து அரைத்தால், பொற்றாசியம் 1000 மில்லிகிராமை எட்டும். கட்டுப்பாடு விதிக்கப்பட்ட ஒருவரின் நாள் முழுவதுக்குமான அளவில் அது பெரும் பங்கு.

என் பெரியம்மா ஒருவர் "சத்தானது" என்ற நம்பிக்கையில், பசளியும் வாழைப்பழமும் இளநீரும் அடித்து இரண்டு மாதம் நாள்தோறும் குடித்தார். மூன்றுமே பொற்றாசியம் நிறைந்தவை. கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்பதுதான். அன்றோடு அது நின்றது.

இவர்களுக்கு என் தெரிவு ஸ்மூத்தி அன்று. சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி போன்ற பொற்றாசியம் குறைந்த காய்களைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வைத்தியர் சொன்ன அளவு சோற்றோடு மசித்து உண்பதே பொருத்தம். தண்ணீருக்கும் அளவு விதிக்கப்பட்டவர்கள் எந்தக் கோப்பையைக் குடித்தாலும் அதை அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். புளிப்புக்காகக் காமரங்காவையோ பிலிம்பியையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் பழுதான சிறுநீரகத்துக்குக் கொடிய கேடு விளைவிப்பவை.

சுரைக்காயைப் பற்றி எல்லோருக்குமான ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்களும் உண்டு. கசப்பு மருந்து என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது.

## எவருக்கு எதைச் சொல்வேன்

நீரிழிவும் கோதுமைக் கட்டுப்பாடும் ஒன்றாக உள்ளவருக்கு, வைத்தியரிடம் சொல்லிவிட்டு, பூசணிப் பயற்றுக் கோப்பையையே நாள்தோறுமான உணவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆறு மணிக்கு பஸ் பிடிக்க வேண்டிய, அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாத, பாலுக்குத் தடையில்லாத இளையவர்களுக்குத் தயிர்க் கோப்பை. குளிர்சாதனப் பெட்டியும் பிளெண்டரும் இல்லாத வீட்டுக்குப் பயறு சேர்த்த இலைக்கஞ்சி. அதற்கு ஓர் அடுப்பும் அம்மியும் போதும். வாபரின் எடுப்பவர் எதைத் தெரிவு செய்தாலும் இலையின் அளவை நாளுக்கு நாள் மாற்றாதிருக்க வேண்டும். அவருக்கும் பூசணிக் கோப்பையே வசதியானது. பச்சை இலைக் கோப்பையை விடவே முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், கொதித்தாறிய தண்ணீரில் கழுவிய இலையோடு, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் குடிக்கட்டும்.

எதைத் தொடங்கினாலும் முதல் இரண்டு வாரமும், அன்று முதலில் பசித்த நேரத்தைச் சுவர்க் கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சீனி பார்க்கும் கருவி உள்ளவர்கள் அந்த எண்ணையும் கீழே எழுதலாம். அம்மாவின் கலண்டரில் முதல் வாரக் கட்டங்களில் 9, 9, அடுத்து அந்தச் சனிக்கிழமைக்கு 62 என்று சிவப்பு மையில் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் தொடங்கி 11, 11½, 11, ஒரு நாள் 12. அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை. கிளினிக் கொப்பியின் நடுவில் மடித்து வைத்திருக்கிறார், வைத்தியர் கேட்டால் காட்டுவதற்கு.